சாகாதவனின் காடும் குள்ளச் சனமும்

வேதாளன் கதைகளை நான் சத்தம் போட்டுத்தான் படித்திருக்கிறேன். மனசுக்குள் படிக்கிற வசதி அன்றைக்கு இல்லை. கேட்பதற்கு அக்கா உட்கார்ந்திருப்பாள்.

சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். எழுபதுகளின் நடுவில் விடியக்காலம் இருட்டோடு தீப்பெட்டி ஆபீசு பஸ் ஊர் விலக்கில் வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுவார்கள். அக்கா எட்டு வயசில் அந்த பஸ்ஸில் ஏறினாள். சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. அடுக்கின கணக்குக்குக் கூலி. சனிக்கிழமை கூலி வாங்கி ஆத்தா கையில் கொடுக்கும்போது கொஞ்சம் சில்லறையை முந்தியில் முடிந்துகொள்வாள். அது எனக்கான முத்து காமிக்ஸ். புதுசு வாங்க ஏலாது, பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்தது கிடைக்கும். எனக்குப் பள்ளிக்கூடம், அவளுக்குத் தீப்பெட்டி ஆபீசு என்று எப்படி முடிவானது என்று வீட்டில் யாரும் பேசினதில்லை. நான் ஆம்பளைப் பிள்ளை, அவ்வளவுதான். ஆக, வேதாளன் எனக்கு வந்து சேர்ந்தது அவள் விரல் தேய்ந்த காசில். அதனால் அந்தக் கதையைப் பற்றி எழுத வேண்டுமானால் அவள் அதில் என்ன கண்டாள் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கதையின் பூர்வீகம்.

1936 பிப்ரவரி 17ஆம் தேதி அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கிய படத்தொடர் இது. எழுதியவர் லீ ஃபால்க். அப்போது அவருக்கு 24 வயது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே மந்திரவாதி மாண்ட்ரேக்கை உருவாக்கியிருந்தார். முதலில் வரைந்தவர் ரே மூர். பிறகு வில்சன் மெக்காய், அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து சை பாரி. நம்மூர் ஆட்களுக்கு மனசில் நிற்கிற வேதாளன் முகம் பெரும்பாலும் சை பாரி வரைந்ததுதான். முகம் என்று தப்பாகச் சொல்லிவிட்டேன். முகமூடிக்குள்ளே கண்மணிகூடத் தெரியாது. இரண்டு வெள்ளை ஓட்டை, அவ்வளவுதான்.

கதைப்படி 1536ஆம் வருஷம் வங்காலா என்கிற கரையோரத்தில் கடற்கொள்ளைக்காரர்கள் ஒரு கப்பலை அழிக்கிறார்கள். கப்பல் தலைவன் சாகிறான். அவன் மகன் மட்டும் கரை ஒதுங்குகிறான். அவனைக் கண்டெடுத்துக் காப்பாற்றிச் சோறு போட்டவர்கள் பந்தர் என்கிற குள்ளச் சனம். அந்தச் சனமோ வசாகா என்கிற வேறொரு கூட்டத்துக்கு அடிமைகள். உயிர் பிழைத்த வெள்ளைக்காரன் தன் அப்பனைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறான்: நானும் என் வம்சமும் கொள்ளையையும் கொடுமையையும் ஒழிப்போம் என்று. வசாகா கும்பிட்டுப் பயந்த சாமியின் கோலத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்து அவர்களை முறியடித்துப் பந்தர்களை விடுவிக்கிறான். அவர்கள் நன்றிக்கு அவனுக்கு மண்டையோட்டுக் குகையைக் கொடுக்கிறார்கள். அப்பன் செத்தால் மகன் அதே உடுப்பைப் போட்டுக்கொள்வான். வெளியே இருக்கிற சனத்துக்கு அவன் ஒரே ஆள், சாவே இல்லாதவன். நாம் படித்தது 21ஆவது ஆளின் கதை.

இந்தப் பூர்வீகத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். அடிமைச் சனம் ஒன்று இருக்கிறது. அதற்கு விடுதலை வருகிறது. கொண்டுவருகிறவன் வெளியே இருந்து வருகிறவன். அவன் தன் காலில் நிற்பதற்கு முன்னால் அவனைத் தூக்கி நிறுத்தியது அந்த அடிமைச் சனம் என்பதைக் கதையே சொல்கிறது. சொல்லிவிட்டு இரண்டு கட்டம் தள்ளி மறந்தும் போகிறது. அதன் பிறகு நானூறு வருஷமாக அந்தச் சனம் செய்வதெல்லாம் நன்றியோடு நிற்பது மட்டுந்தான். குகை வாசலில் மண்டையோடு செதுக்கின கல் ஆசனம். அதில் அவன் உட்கார்ந்திருப்பான். குரன் என்கிற பந்தர் தலைவன், சின்ன வயசிலிருந்து அவனுக்குக் கூட்டாளி, அவனும் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான்.

அக்கா கேட்டது இதைத்தான். படத்தை என் கையிலிருந்து வாங்கிச் சிம்னி விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே தம்பி, காடு இவங்க காடுதான? பெறகு ஏன் நிக்காங்க? ஒரு கல்லு எடுத்துப்போட்டு உக்கார வேண்டியதுதான?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "அவன்தான் ராசா" என்றேன். "ராசாவா? அவனுக்குக் கஞ்சி ஊத்துனது இவங்கன்னு இப்பத்தான வாசிச்ச" என்றாள். ஊர்த்தெருவில் திண்ணை இருந்தும் உட்காரக்கூடாத பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி வரும். நான் படித்தவன், எனக்கு வரவில்லை.

இன்னொன்று பின்னாளில் எனக்கே பட்டது. பந்தர் என்றால் இந்தியில் குரங்கு. கிப்ளிங்கின் காட்டுக் கதையில் சட்டமில்லாத, சொந்தப் பேச்சில்லாத குரங்குக் கூட்டத்துக்குப் பெயர் பந்தர்-லோக். ஃபால்க் கிப்ளிங்கையும் டார்ஜானையும் படித்து வளர்ந்தவர். ஆரம்பக் கதைகளில் இந்தக் காடு ஆசியாவில், இந்தியாவுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்தது. பிறகு கொஞ்சங் கொஞ்சமாக நகர்ந்து அறுபதுகளில் ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. சனத்தின் பெயர் மட்டும் அப்படியே கூடப் போனது. காட்டில் இருக்கிறவனைக் குரங்கு என்று எழுதி வைப்பது நமக்கொன்றும் புதுசில்லை. கடல் தாண்டப் பாலம் கட்டிக் கொடுத்த கூட்டத்துக்கு நம் காவியம் என்ன பேர் வைத்தது என்று யோசித்தால் போதும். அங்கேயும் உதவி செய்தவன் வாலோடு நிற்கிறான், உதவி பெற்றவன் பட்டாபிஷேகத்தில் உட்கார்கிறான்.

இந்தியாவுக்குள் இந்தக் கதை நாற்பதுகளிலேயே ஆங்கில இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி வழியாக வந்துவிட்டது. அது பங்களாவாசிகள் படித்த பத்திரிகை. பரவலாக இறங்கியது 1964 மார்ச்சில், டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது. முதல் 32 இதழும் வேதாளன்தான். பிறகு தமிழ் உள்பட இந்திய மொழிகள் பலவற்றில் அது வந்தது. அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வங்காலா என்ற பெயர் வங்காளத்தை நினைப்பூட்டும் என்று அதை டெங்காலி ஆக்கினார்கள். சிங் கொள்ளைக்கூட்டம் என்பது சீக்கியர் மனசைப் புண்படுத்தும் என்று சிங்கா கூட்டம் ஆக்கினார்கள். புண்படக்கூடிய மனசு யார் யாருக்கு இருக்கிறது என்று பதிப்பாளருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. பந்தர் என்ற பெயரில் கை வைக்க வேண்டுமென்று தோன்றவில்லை. குரங்கு என்று சொல்வதால் எவனும் வழக்குப் போடப்போவதில்லை அல்லவா.

இந்திரஜால் தொடங்கிய வேலையில் பங்கெடுத்த அனந்த் பை 1967இல் அமர் சித்திரக் கதையைத் தொடங்கினார். காட்டு முகமூடிக்காரனுக்குப் பதிலாகக் கிருஷ்ணனும் ராமனும் அரசர்களும் வந்தார்கள். அம்பேத்கர் அந்த வரிசையில் இடம்பிடிக்க 1979 ஆனது. இதை ஒரு தகவலாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வெள்ளைக்காரப் பொம்மைக் கதை பிள்ளைகளைக் கெடுக்கிறது, நம் புராணத்தைப் படிக்கட்டும் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் என் பையிலிருந்து வேதாளனை உருவி எடுத்து, "உங்களுக்கெல்லாம் பொம்மைப் புஸ்தகம் கேக்குதோ" என்று காதைத் திருகினார். மேசையில் வைக்கச் சொன்னார், கையில் வாங்கவில்லை. மத்தியானம் அவரே அதை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். திருப்பித் தரவில்லை.

தமிழில் காமிக்ஸ் என்றால் சிவகாசி. 1972 ஜனவரியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962இல் வேலியண்ட் இதழில் வந்த தொடர், ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கை போனவன், இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். இதைச் சென்னையில் படித்தவனுக்கு அது வெறும் கற்பனை. எங்கள் பக்கம் அப்படி இல்லை. வெடி ஆபீசில் விரல் போனவர்கள், கை கருகினவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். என்னோடு கோலி விளையாடின ஒருத்தனுக்கு வலது கையில் இரண்டு விரல்தான். கை போனவன் கதாநாயகனாக வருகிற கதையை அவன் எத்தனை தடவை கேட்டான் என்று கணக்கில்லை. தீப்பெட்டி, வெடி, அச்சு மூன்றும் ஒரே ஊரில் இருந்ததால் நடந்தது இது. கையை எடுத்த ஊரே இரும்புக்கையையும் அச்சடித்து விற்றது.

முத்து காமிக்ஸில்தான் அந்த முகமூடிக்காரனுக்கு வேதாளன் என்று பெயர். பிறகு 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸில் அவன் மாயாவி ஆனான். இரும்புக்கை மாயாவி ஒருத்தன், முகமூடி மாயாவி ஒருத்தன் என்று பிள்ளைகளுக்குக் குழப்பம், சண்டை. ராணி காமிக்ஸ் மாதம் இரண்டு, 2005 வரை 500 இதழ் வந்தது. பெட்டிக்கடையில் கொடியில் தொங்கும். டீக்கடையில் தந்தியின் கன்னித்தீவை ஒருத்தர் படிக்க நாலுபேர் கேட்பதுபோல இதையும் கூட்டமாகப் படித்தார்கள். அந்தக் கன்னித்தீவு 1960இல் தொடங்கியது. கேட்டவர்கள் செத்துப் பேரன்கள் கேட்கிற காலம் வந்தும் சிந்துபாத் கரை சேரவில்லை.

எனக்கு வேதாளன் என்ற பெயர்தான் ஒட்டும். நம் சனத்துக்கு வேதாளம் தெரியும். சுடுகாட்டு மரத்தில் தொங்குவது, கதை சொல்லிக் கேள்வி கேட்பது. மொழிபெயர்த்தவர் யாரோ, நல்ல காது உள்ளவர். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கதையில் மண்டையோட்டுச் சின்னத்தைக் கண்டதும் எல்லாரும் வெலவெலத்துப் போவார்கள். எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை. எங்கள் தாத்தா வெட்டியான். மண்டையோடு அவருக்கு வேலை. வேகாத தலையைக் கம்பால் தள்ளிவிட்டு வந்து திண்ணையில் வெற்றிலை போடுகிறவர். ஊர்க்காரன் பயப்பட வேண்டிய பொருளை எங்கள் கையில் கொடுத்து, தொட்டதற்காக எங்களையே தீட்டு என்று சொன்ன ஏற்பாடு அது. மண்டையோட்டுக் குகையில் குடியிருக்கிறவன் சாமிக்குச் சமானம் என்று கதை சொன்னபோது தாத்தா பொக்கை வாயால் சிரித்தார். "சுடுகாட்டுல குடியிருந்தா வெள்ளைக்காரன் சாமி. நாமன்னா வெட்டியான்" என்றார்.

பரம்பரை விஷயத்திலும் அப்படித்தான். அப்பன் போனால் மகன், மகன் போனால் பேரன். கர்ணம் வேலை அப்படித்தான் இருந்தது, மணியம் அப்படித்தான் இருந்தது. தமிழ்நாட்டில் 1980இல்தான் அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தார்கள். வெட்டியான் வேலையும் பரம்பரைதான். அதை ஒழிக்க யாரும் அவசரப்படவில்லை. 21 தலைமுறை என்று படிக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். எங்கள் தாத்தாவும் எத்தனையாவது தலைமுறை என்று எண்ணினால் குறையாமல் வரும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அவன் எழுதி வைத்தான், குகைக்குள்ளே ஒவ்வொரு வேதாளனும் எழுதின நாளாகமம் அடுக்கடுக்காக இருக்கிறது. பந்தர்கள் எழுதினது ஒரு ஏடுகூட இல்லை. அந்தக் காட்டின் சரித்திரம் முழுக்க அவன் கையெழுத்து. காட்டுப் பழமொழி என்று அடிக்கடி ஒரு கட்டம் வரும், கவனித்திருப்பீர்கள். எல்லாப் பழமொழியும் அவனைப் பற்றியே இருக்கும். அவன் வேகம், அவன் கோபம், அவன் குரல். மழை பொய்த்தது பற்றியோ, பசி பற்றியோ, மாமியா மருமக பற்றியோ ஒரு பழமொழி சொல்லாத சனம் உலகத்தில் உண்டா? எங்கள் ஆத்தா வாயைத் திறந்தால் ஒன்பது வரும், ஒன்றில்கூட பண்ணையார் வரமாட்டார். வந்தால் வசவாகத்தான் வருவார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இது ஏகாதிபத்தியக் குப்பை, தூக்கி எறி என்று முடித்துவிடலாம். 1971இல் சிலி நாட்டில் ஏரியல் டார்ஃப்மனும் அர்மாண்ட் மாட்டலார்ட்டும் டொனால்ட் டக்கைப் பிரித்துப் போட்டு அப்படி ஒரு நூல் எழுதினார்கள். 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்த நூலை எரித்தார்கள் என்பதிலிருந்தே அதில் விஷயம் இருந்தது தெரியும். நானும் தொண்ணூறுகளில் அந்த மாதிரிப் பேசித் திரிந்தேன். கூட்டங்களில் கைதட்டுக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அக்காளிடம் சொன்னபோது, "அப்ப எதுக்குடா அத்தன நாளு முழிச்சிருந்து கேட்டேன்?" என்றாள். அந்தக் கேள்விக்கு என் தத்துவத்தில் இடமில்லை. பிடித்திருந்தது, அதுதான் உண்மை. எது பிடித்தது?

அவளுக்குப் பிடித்தது மோதிரம். வேதாளன் வலது கையில் மண்டையோட்டு மோதிரம். அவன் தாடையில் ஒரு குத்து விட்டால் அந்த முத்திரை விழும். விழுந்தால் அழியாது. சாகிறவரைக்கும் அவன் முகத்தில் இருக்கும். எங்கே போனாலும், எத்தனை வருஷம் கழிந்தாலும், எந்த வேஷம் போட்டாலும் பார்த்தவுடன் சனத்துக்குத் தெரிந்துவிடும் இவன் தப்புச் செய்தவன் என்று. இடது கை மோதிரத்தில் வேறொரு முத்திரை. அது நல்ல முத்திரை. அது இருக்கிற இடத்தில் யாரும் கை வைக்கக்கூடாது.

இந்த இடம் வரும்போதெல்லாம் அக்கா மறுபடி படிக்கச் சொல்வாள். குத்து விழுந்த கட்டத்தைத் தொட்டுப் பார்ப்பாள். விரலில் தீப்பெட்டி மருந்தும் பசையும் ஒட்டியிருக்கும், தாளில் அப்பிக்கொள்ளும். அவள் வேலை செய்த இடத்தில் ஒரு மேஸ்திரி இருந்தான். சின்னப் பிள்ளைகளை அடிப்பான், அடிக்கிறது மட்டுமில்லை. அவள் அதை அன்றைக்கு என்னிடம் சொல்லவில்லை. இருபது வருஷம் கழித்துத்தான் சொன்னாள், அதுவும் பாதி. "அவன் மூஞ்சி சுத்தமா இருந்துச்சுடா. கல்யாண வீட்டுல சந்தனம் பூசிக்கிட்டு முன்னால நிப்பான்" என்றாள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. அதற்குள் அக்கா பெரிய மனுஷியாகிக் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

பிறப்பிலேயே முத்திரை குத்தி அனுப்பப்பட்ட சனம் நாம். எந்த ஊருக்குப் போனாலும், எந்த ஆபீசில் உட்கார்ந்தாலும், பேரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, சாமியைக் கேட்டு அந்த முத்திரையைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். நம்மை அடித்தவனுக்கோ எந்த அடையாளமும் இல்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலக்காரர்கள் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனை 1997இல் வெட்டிக் கொன்றார்கள். தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019இல் முன்கூட்டியே வெளியே விட்டார்கள். முகம் கழுவினால் போதும், அவ்வளவு சுத்தம். செய்த காரியத்துக்கு முத்திரை விழும், பிறந்ததற்கு விழாது என்று ஒரு மட்டமான தாளில் அச்சடித்த பொம்மைக் கதை சொன்னபோது, அதைக் கேட்ட தீப்பெட்டிப் பிள்ளை ஏன் முழித்திருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது.

அவள் கண்டுபிடித்த இன்னொரு விஷயம் உண்டு, அதை எந்த விமர்சகரும் எழுதி நான் பார்த்ததில்லை. வேதாளன் சாகிறவன்தான், 21 பேர் மாறியிருக்கிறார்கள் என்ற ரகசியம் பந்தர்களுக்குத் தெரியும். காட்டில் மற்ற சனம் எதுக்கும் தெரியாது. "அப்ப இவன் சாகாதவன்னு ஊரு நம்புறதே இந்தக் குள்ளச் சனம் வாயத் தொறக்காததாலதான்?" என்றாள். யோசித்துப் பார்த்தால் அப்படித்தான். குகை வாசலில் காவல் நிற்பதும் அவர்கள். பட்டால் பிழைக்க முடியாத விஷ அம்பு அவர்களிடம் இருக்கிறது. அவன் பிணத்தைக் குகைக்குள் வைக்கிறபோது கூட நிற்பதும் அவர்கள். அதிகாரம் அவர்களுடைய மௌனத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெரிய வீட்டு ரகசியமெல்லாம் எங்கள் தெருப் பொம்பளைகளுக்குத் தெரியும், துணி வெளுக்கப் போனவளுக்கும் பேறுகாலம் பார்க்கப் போனவளுக்கும் தெரியும். சொல்லாமல் இருப்பதால்தான் பெரிய வீடு பெரிய வீடாக நிற்கிறது. ஃபால்க் இதைத் தெரிந்து எழுதினாரா என்றால் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் எழுதிவிட்டார்.

அவரும் காலத்தோடு கொஞ்சம் மாறினார் என்பதையும் சொல்ல வேண்டும். மாண்ட்ரேக் கதையில் லோதர் என்கிற ஆப்பிரிக்க இளவரசன் புலித்தோல் மாதிரித் துண்டைக் கட்டிக்கொண்டு கொச்சை பேசுகிற வேலையாளாக வந்தான். 1965இல் பிரெட் பிரெடரிக்ஸ் வரைய வந்த பிறகு அவன் சட்டை போட்டு நேராகப் பேசத் தொடங்கினான். வேதாளன் கதையிலும் ஆப்பிரிக்க நாடுகள் விடுதலையான அறுபதுகளில் லமாண்டா லுவாகா என்கிற கறுப்பு மருத்துவர் தேர்தலில் ஜெயித்து வங்காலாவின் தலைவராகிறார். பபாபு என்கிற தளபதி ஆட்சியைப் பிடிக்கப் பார்க்கிறான். காட்டு ரோந்துப் படைக்குக் கர்னல் வொருபு என்ற கறுப்பர் தலைவராக வருகிறார். அங்கேயும் ஒரு கொக்கி இருக்கிறது. அந்தப் படைக்கு முகம் தெரியாத மேல் தளபதி யார் என்றால் வேதாளன்தான். பெட்டகத்தில் அவன் சீட்டு வந்து விழும், கர்னல் நிறைவேற்றுவார். ஜனநாயகம் வந்தாச்சு, மேலே உள்ள ஆள் மாறவில்லை. நம்மூர்ப் பஞ்சாயத்துத் தனித்தொகுதித் தலைவர்களைக் கேட்டால் கர்னல் வொருபுவின் கஷ்டத்தை விளக்கமாகச் சொல்வார்கள்.

ஃபால்க் 1999இல் இறந்துபோனார். கதை நிற்கவில்லை, வேறு ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்திரஜால் 1990இல் நின்றது. ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னப் பதிப்பகம் 1948இலிருந்து இதையே போட்டுப் பிழைக்கிறது. அங்கிருந்துதான் இது பப்புவா நியூகினிக்குப் போனது. 1975 வரைக்கும் ஆஸ்திரேலியா ஆண்ட நாடு அது. அங்கே மலைப்பகுதிச் சனம் புத்தகத்தைப் பார்த்தது, டோக் பிசின் என்கிற தங்கள் பொதுமொழியிலும் வாண்டோக் பத்திரிகையில் படித்தது. எண்பதுகளில் அங்கே குலச் சண்டைகள் திரும்ப மூண்டபோது, ஆள் உயரக் கேடயங்களில் பழைய கோலங்களுக்குப் பதிலாக வேதாளனை வரைந்தார்கள். வாகி பள்ளத்தாக்குக் கேடயங்களைப் பற்றி மைக்கேல் ஓ'ஹன்லன் என்கிற மானிடவியலாளர் எழுதியிருக்கிறார். பீர் விளம்பரம் வரைந்த கேடயங்களும் உண்டாம். வேதாளன் சிவப்பிலும் நீலத்திலும் கறுப்பிலும் நிற்கிறான். சிலதில் அவன் தோலே கறுப்பு. சாகாதவன் படம் முன்னால் இருந்தால் சாவு வராது என்று அவர்கள் வரைந்ததாகச் சொல்கிறார்கள். ஊதா உடுப்பு, மோதிரம், இடுப்புக் கச்சை எல்லாம் இருக்கிறது. கல் ஆசனத்தை எந்தக் கேடயத்திலும் நான் பார்க்கவில்லை.

போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தக் கேடயங்களின் படத்தை அக்காளிடம் காட்டினேன். அவளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. கண் மங்கல். இத்தனை வருஷம் கழித்தும் விரல் நுனி வழவழவென்று ரேகை இல்லாமல் இருக்கிறது. ரேஷன் கடை மெஷினில் விழ மாட்டேன் என்கிறது, அதற்கு ஒவ்வொரு மாதமும் சண்டை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். 

"இது நம்ம வேதாளந்தான?"

"ஆமாக்கா."

"பலகையில எதுக்கு வரைஞ்சிருக்காங்க?"

"சண்டைக்குப் போறப்ப முன்னால பிடிச்சுக்கிறதுக்கு. அம்பு வந்தா தடுக்க."

"அப்ப அம்பு இவன் மேல படும்?"

"ஆமா."

"அந்தச் சனம் பின்னால நிக்கும்?"

"ஆமா."

சத்தமாகச் சிரித்தாள். வெளியே கயிற்றுக் கட்டிலில் கிடந்த மாமா என்ன என்று எட்டிப் பார்த்தார். "எந்திரிச்சு வந்து பாருங்க, எந்திரிக்க வச்சுட்டாங்க அவன" என்று சொல்லிவிட்டுப் படத்தை அவரிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டாள்.